காங்கேசன்துறைக்கு எதிர்க்கரை: பிரெஞ்சிந்திய மரபும் கூதிர்காலப் பயணமும்

தெல்லிப்பழை மண்ணில் மேனாட்டார் பலர் தடம் பதித்துள்ளனர். போர்த்துக்கேயர் இங்கே தேவாலயம் எழுப்பினர். அவர்களை வென்ற ஒல்லாந்தர் அதனைத் தமதாக்கினர். அவர்களுடைய போதகராகிய பல்தேயுஸ் தமது நூலில் தெல்லிப்பழைத் தேவாலயத்தைப் படத்தோடு வருணித்துள்ளார். 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் அதே இடத்தில் தம் பணியைத் தொடங்கினர். ஆங்கிலேயர் ஆட்சி 1948 வரை நிலவிற்று. இத்தனை பேர் வந்துபோன ஊரில் ஒரு சாதியார் மாத்திரம் ஆண்டதில்லை, அவர் பிரெஞ்சுக்காரர். கத்தோலிக்கக் குருமாராகப் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்தோர் பலராயினும், பிரெஞ்சுக் கொடி இக்குடாநாட்டில் ஒரு நாளேனும் பறந்ததில்லை.

ஆயினும் பிரெஞ்சுப் பண்பாட்டையும் அதன் பழஞ்சின்னங்களையும் காண விரும்பும் தெல்லிப்பழையார் பாரிஸ் மாநகருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. ஊருக்கு வடக்கே நடந்துபோகும் தூரத்திற் காங்கேசன்துறை உளது. அங்கிருந்து ஏறக்குறைய 60 கடல்மைல் கடந்தால் நாகபட்டினம். நாகபட்டினத்திலிருந்து வடக்கே 20 கிலோமீற்றர் சென்றால் காரைக்கால். 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் அஃது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை மீளத் தொடங்கிய பின்னர், கொழும்பினும் காரைக்கால் இவ்வூராருக்கு அண்மையதாயிற்று எனலாம்.

பயணத்துக்கேற்ற பருவம் யாது? மேனாட்டார் இலையுதிர்காலத்தைப் பயணகாலமாகக் கொள்வர். கோடையின் வெம்மை தணிந்து, திராட்சை அறுவடை முடிந்து, ஊர்தோறும் விழா நிகழும் செப்டெம்பர் முதல் நவெம்பர் வரையுள்ள மாதங்கள் அவை. தமிழர் வகுத்த ஆறு பொழுதுகளில் இம்மாதங்கள் காரின் பிற்பகுதியிலும் கூதிரிலும் அமைகின்றன. அங்கே இலை உதிர்வது இங்கே மழை பொழிவதாகும். வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபரின் நடுப்பகுதியில் எழுந்து, இக்கடலைச் சிறுகலங்கள் செல்லவொண்ணாத கடலாக மாற்றிவிடும். 2023இல் தொடங்கிய சேவையே ஒரு கிழமைக்குள் பருவநிலை காரணமாக நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில்தான் மீளவும் நடைபெற்றது. ஆகவே கடல்வழி செல்வோர் புரட்டாதி பிறக்கும்போதே புறப்படுவது நன்று. ஐப்பசியில் நிகழ்வனவற்றைக் காண விழைவோர் வானூர்தியை நம்புவதே புத்தி.

இக்காற்று இன்றைய பயணிக்கு மாத்திரமன்று, பிரெஞ்சுக்காரரின் கீழைத்தேயக் கனவுக்கும் இடையூறாயிருந்தது. சோழமண்டலக் கரையிற் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றேனும் இல்லை. ஒதுங்கத்தக்க இடம் ஈழத்தின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையே. இதனை நன்குணர்ந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் டி லா ஹே என்பார், 1672ஆம் ஆண்டிலே, புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் குடியேறுமுன்னரே, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் இசைவோடு கொட்டியாரக் குடாவிற் கால்வைத்தார். ஒல்லாந்தர் பொறுப்பரோ? உணவின்றி வாடிய அப்படையை அவர்கள் அங்கே நிலைக்கவிடவில்லை. டி லா ஹே அங்கிருந்து நீங்கிச் சாந்தோமைப் பிடித்தார். 1674இல் அதனையும் இழந்தார். இவ்விரு தோல்விகளுக்கிடையே, 1673ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பீசப்பூர் அரசின் அதிகாரியாகிய ஷேர்கான் லோடியிடமிருந்து பெற்ற ஒரு சிறு மீனவர் குப்பமே புதுச்சேரி. அடுத்த ஆண்டிற் பிரான்சுவா மார்த்தேன் என்பவர் அங்கு வந்தமர்ந்து அதனை நகராக்கினார். திருகோணமலை கைகூடியிருப்பின் பிரெஞ்சு இந்தியாவின் தலைநகர் ஈழத்தில் அமைந்திருத்தலும் கூடும்.

நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்து அவ்வாய்ப்பு மீண்டும் ஒருமுறை வந்தது. 1782ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கவர்ந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதனைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆந் திகதி துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலக் கடற்படையோடு கடும்போர் நிகழ்ந்தது. வெற்றி எவருக்கும் உறுதியாகவில்லை. பருவம் மாறுமுன் புகலிடம் பெறவேண்டும் என்பதே இரு தரத்தாரின் பதைபதைப்பும். பின்னர் ஏற்பட்ட சமாதானத்தின்படி திருகோணமலை ஒல்லாந்தரிடமே மீண்டது. ஈழத்திற் பிரெஞ்சு ஆட்சியின் கதை அவ்வளவே.

நாகபட்டினத்தில் இறங்கும் பயணி முதலிற் காண்பது காரைக்கால். தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்திலே தாயத்தாரிடை எழுந்த பூசலைப் பயன்படுத்திப் பிரெஞ்சுக்காரர் 1739இல் இதனைப் பெற்றனர். அரசலாற்றங்கரையிலுள்ள இச்சிறு நிலப்பகுதியைப் பற்றிய பிரெஞ்சு ஆவணங்கள் நெல்லையும் துணியையும் சுங்கத்தையும் பேசுகின்றன. சைவர் கண்ணுக்கோ இது வேறு நிலமாகத் தோன்றும். திருநள்ளாறு, தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி ஆகிய பாடல் பெற்ற தலங்கள் இப்பிரெஞ்சு எல்லைக்குள் அடங்கியிருந்தன. மதுரையிற் சமணரோடு நிகழ்ந்த அனல்வாதத்தில் வேகாது பச்சையாயிருந்த பதிகம் திருநள்ளாற்றுக்குரியது. தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காத யாழ்முரிப் பண் பிறந்த தலம். யாழின் பெயரைத் தாங்கிய நாட்டிலிருந்து செல்வோர் அத்தலத்தைக் காணாது மீளுதல் முறையாகாது.

இவையெல்லாவற்றினும் மேலாக, இவ்வூர் காரைக்காலம்மையார் பிறந்த ஊர். மாங்கனித் திருவிழா ஆனி மாதத்தில் நிகழ்வதாதலால் கூதிர்காலப் பயணி அதனைக் காணவியலாது. ஆயினும் ஒரு செய்தியை அவன் நினைவிற் கொள்ளலாம். 1955இற் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் வெளியீட்டு வரிசையில் முதலாவதாக, 1956இல், வெளியிட்ட நூல் அம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பே. மொழிபெயர்த்தவர் காராவேலன் என்ற புனைபெயர் பூண்ட தமிழறிஞர். ஆட்சி கைமாறி இரண்டாண்டு ஆகுமுன்னரே இது நிகழ்ந்தது. இருநூறு ஆண்டு ஆண்ட காலத்திற் செய்யாததை ஆட்சி நீங்கிய மறுகணமே செய்தார்கள் என்று ஒருவர் நகைக்கலாம். நகைப்பில் ஓரளவு நியாயமும் உண்டு.

காரைக்காலிலிருந்து கரையோரமாக 130 கிலோமீற்றருக்குச் சற்று மேலே வடக்கு நோக்கிச் சென்றாற் புதுச்சேரி. நகரின் செங்குத்தான நேர்த் தெருக்களைக் கண்டு பிரெஞ்சு நகரமைப்பின் ஒழுங்கை வியவாதார் இலர். ஆனால் 1693 முதல் 1699 வரை நகரைக் கைப்பற்றி வைத்திருந்த ஒல்லாந்தரே இச்சதுரக் கட்டமைப்பை முதலில் வரைந்தனர் என்பது பலர் அறியாதது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஒல்லாந்த ஒழுங்கைக் கண்டு பழகியவருக்கு இத்தெருக்கள் அந்நியமாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கடலையடுத்த பகுதி வெள்ளையர் நகரம். வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் நகரம். அங்கே மஞ்சட் சுவரும் உயர்ந்த வாயிலும் உள்முற்றத் தோட்டமும். இங்கே தெருவை நோக்கிய திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் நடுமுற்றமும். ஒரு வாய்க்காலின் இரு கரையிலும் இரு வாழ்வு நிகழ்ந்தது.

இவ்விரு வாழ்வுக்கும் இடையில் நின்ற மனிதரை அறியாது புதுச்சேரியை அறிதல் இயலாது. அவர் ஆனந்தரங்கப்பிள்ளை. 1709இற் சென்னைப் பெரம்பூரிற் பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்து, வணிகராய்ச் செல்வம் ஈட்டி, கவர்னர் டியூப்ளேயின் தலைமைத் துபாசியாக 1747இல் அமர்ந்தவர். 1736 செப்டெம்பர் முதல் 1761 ஜனவரியில் உயிர் நீங்குங்காறும் அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டுச் சரித்திரத்துக்கு ஒப்பற்ற சான்று. 1846ஆம் ஆண்டளவிற் கண்டெடுக்கப்பட்ட இந்நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அரசியற் சூழ்ச்சியும், கப்பல் வரவும், பட்டுவிலையும், சோதிட நம்பிக்கையும், வீட்டுத் திருமணமும், பெரியோர் முகத்தில் தோன்றிய சினமும் ஒருங்கே இடம்பெற்ற அந்நடை, ஏட்டுத் தமிழுமன்று, வெறும் பேச்சுத் தமிழுமன்று. வணிகர் கணக்கெழுதும் கையால் வரலாறு எழுதப்பட்டது.

அந்நாட்குறிப்பின் கூதிர்காலங்கள் தனியே படிக்கத்தக்கன. 1746 செப்டெம்பரிற் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அக்களிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒக்டோபர் நடுவில் எழுந்த பெரும்புயல் சென்னைக்கு முன்னே நங்கூரமிட்டிருந்த லாபூர்தொனேயின் கப்பற்படையைச் சிதைத்தது. இரண்டாண்டு கழித்து, 1748இல், ஆங்கிலத் தளபதி பொஸ்கவன் பெரும்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார். அம்முற்றுகையைத் தளர்த்தியதும் ஐப்பசி மழையும் நோயுமே. ஒக்டோபரில் அவர் முற்றுகையை நீக்கிப் போயினார். டியூப்ளேயின் புகழ் ஐரோப்பா வரை சென்றது.

ஆனால் அம்முற்றுகையின் தொடக்கத்தில், 1748 செப்டெம்பர் முற்பகுதியில், நகருள்ளே வேறொன்று நிகழ்ந்தது. ஏசுசபைக் குருமாரின் சம்பாக் கோயிலுக்குப் பக்கத்தே பன்னெடுங்காலமாக நின்ற வேதபுரீசுவரன் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. அதனை அகற்றவேண்டுமென்று குருமார் நெடுநாளாக வற்புறுத்தி வந்தனர். முந்திய கவர்னர்கள் குடிகள் ஊரைவிட்டு நீங்குவர் என அஞ்சி இணங்கவில்லை. நெசவாளரும் வணிகரும் நீங்கினால் நகரில் எஞ்சுவது மணலே என்பதை அவர்கள் அறிவர். போர்க்காலம் வந்ததும் அவ்வச்சம் நீங்கிற்று. வெளியே எதிரி நிற்கும்போது குடிகள் எங்கே போவர்? ரங்கப்பிள்ளை இச்செயலிற் குருமாரின் கையையும் டியூப்ளேயின் மனைவியாரின் கையையும் கண்டார். அதனைத் தடுக்க வல்லமையற்று, கண்டதைக் கண்டவாறு எழுதினார். அவர் கவர்னரின் நம்பிக்கைக்குரியவர். நகரிலே தமிழரில் முதன்மையானவர். இருந்தும் ஒரு கல்லையேனும் அவராற் காக்க முடியவில்லை. அதிகாரத்துக்கு அணுக்கமாயிருத்தல் வேறு, அதிகாரமுடைமை வேறு என்பதை அப்பக்கங்களைப் படிப்போர் உணராதிரார்.

பிரெஞ்சு மரபின் எழிலைக் காணச் செல்வோர் இதனையும் அறிந்து செல்லவேண்டும். வெள்ளையர் நகரத் தெருக்களின் அமைதியை மாத்திரம் புகழ்ந்தெழுதும் பயண நூல்கள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. யாழ்ப்பாணத்துச் சைவருக்கு இது புதுக்கதையன்று. போர்த்துக்கேயர் நல்லூரிலே செய்தது என்னவென்பதை அவர்கள் அறிவர்; நல்லூர்க் கோயில் வேறிடத்தில் மீள எழுந்ததுபோலவே வேதபுரீசுவரரும் தமிழர் நகரத்துள் வேறொரு தெருவிற் பின்னர்க் கோயில் கொண்டார். இக்கதையில் மற்றொரு திருப்பமும் உண்டு. 1761 ஜனவரி 16ஆந் திகதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர் கோட்டையையும் வெள்ளையர் நகரத்தையும் திட்டமிட்டுத் தகர்த்தனர். சம்பாக் கோயிலும் தப்பவில்லை. இன்று அங்கே காணப்படும் பேராலயம் 1791இல் நிறைவுற்றது.

ஆகவே, இன்று பயணி காணும் பிரெஞ்சு நகரம் டியூப்ளே வாழ்ந்த நகரமன்று. 1765இற் பிரெஞ்சுக்காரர் திரும்பிவந்து இடிபாடுகளின் மேல் எழுப்பிய நகரமே அது. ரங்கப்பிள்ளையின் மாளிகை மாத்திரம் அவ்வழிவிற் சிக்காது, பெரிய சந்தைக்கு அண்மையில், அவர் பெயராலமைந்த தெருவில் நிற்கின்றது. கீழ்த்தளம் தமிழர் முறையிலும் மேற்றளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த அவ்வீட்டைப் பார்த்தால், நாட்குறிப்பை ஒருமுறை படித்ததற்கு ஒப்பாகும். பேரழகுள்ள மாளிகையன்று, அதனாலேயே பயணிகள் அதனைத் தாண்டிப் போய்விடுகின்றனர்.

இவ்விடத்திற் கட்டடங்களின் நிலை பற்றிச் சொல்லவேண்டியது உண்டு. கடற்கரைச் சாலையில் 1870ஆம் ஆண்டளவிலே கட்டப்பெற்ற நகரசபை மண்டபம், மேரி எனப்படுவது, 2014ஆம் ஆண்டு நவெம்பர் 29ஆந் திகதி, தொடர்மழைக்குப் பின் இடிந்து வீழ்ந்தது. பகைவர் பீரங்கி எதுவும் அன்று முழங்கவில்லை. பழுது பார்க்காத கூரையும் ஐப்பசி கார்த்திகை மழையுமே போதுமாயிருந்தன. பழைய வடிவத்தைப் பின்பற்றி மீளக் கட்டப்பட்ட மண்டபம் 2021இல் திறந்து வைக்கப்பட்டது. அது அழகிய கட்டடந்தான். பழைய சுண்ணச்சாந்தும் பழைய மரமும் போன பின்னர் எஞ்சிய வடிவத்தை மரபு என்றழைக்கலாமா என்பது அறிஞரிடையே முடிவுறாத வழக்கு. இதற்கு மாறாகத் தமிழர் நகரத்து வைசியாள் வீதியிலே, குடியிருப்போர் குடியிருக்கவே, திண்ணையும் தாழ்வாரமும் ஒவ்வொரு வீடாகச் செப்பனிடப்பட்டன. ஐரோப்பிய நகரங்கள் இரண்டின் துணையோடு நிகழ்ந்த அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. இரண்டில் எது சிறந்த வழி என்பதை வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர்க்கு எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. 1990இல் ஊரைவிட்டு நீங்கி, பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, நாற்சார் வீடிருந்த இடத்திற் பற்றையையும் அத்திவாரக் கல்லையும் கண்டவர் அநேகர். வைசியாள் வீதியின் திண்ணையொன்றில் அவர்கள் சற்று நேரம் இருந்து வரலாம்.

புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சப்பாத்துக் கதையொன்று உண்டு. 1873இற் பொன்னுத்தம்பிப்பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர்போலச் சப்பாத்தணிந்து நீதிமன்றம் சென்றார். உள்நாட்டார் அவ்வாறு வருதல் வழக்கமன்று என்று நீதிபதி அவரைத் தண்டித்தார். அவர் பாரிஸ் உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார். 1881 செப்டெம்பர் 21ஆந் திகதிய ஆணை, தம் குலவழக்குச் சட்டத்தைத் துறப்போர் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தின் கீழ் வரலாம் என வகுத்தது. துறந்தோர் புதுக் குடும்பப்பெயர் பூண்டனர். பொன்னுத்தம்பியார் லப்போர்த் ஆனார். சமத்துவத்தின் விலை பெயரா என்று கேட்டவர் அக்காலத்திலேயே பலர். துறவாத பெரும்பாலோர் தம் பெயரோடும் தம் வழக்கோடும் இருந்தனர். யாழ்ப்பாணத்தார் தேசவழமையை விடாது வைத்திருந்ததை ஒப்பு நோக்குக.

இதே பிரெஞ்சு எல்லை ஆங்கிலேயரின் சிறைக்கு அஞ்சியோர்க்கு அரணாகவும் உதவிற்று. சுப்பிரமணிய பாரதியார் 1908இற் புதுச்சேரி சென்று 1918 வரை அங்கு வாழ்ந்தார். அவருடைய பெரும் படைப்புக்கள் பல அப்பத்தாண்டில் விளைந்தவை. அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910இல் வந்து சேர்ந்தனர். பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயிற் தெரு வீடு நினைவில்லமாக உள்ளது.

இனி விழாக்களைப் பார்ப்போம். பிரெஞ்சுத் தேசிய நாளாகிய யூலை 14 புதுச்சேரியிற் கொண்டாடப்படுவது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்நகரின் சரித்திரம் தன்னை வெளிப்படுத்துவது ஐப்பசியில். 1754 ஒக்டோபரில் டியூப்ளே பதவி பறிக்கப்பட்டு, கப்பலேறிப் பிரான்சுக்கு மீண்டார். சரியாக இருநூறு ஆண்டு கழித்து, 1954 ஒக்டோபர் 18ஆந் திகதி, கீழூர் என்னும் சிற்றூரிலே மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேர் வாக்களித்தனர், எதிர்த்தோர் எண்மர். நவெம்பர் 1ஆந் திகதி ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஓகஸ்ட் 16இலேயே நிறைவுற்றது. அவ்விடைவெளியின் பெரும்பகுதி பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் தாமதத்தால் ஏற்பட்டதாகும். ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் புதுச்சேரியிலிருந்தே பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களித்து வருகின்றனர். நவெம்பர் 1 விடுதலை நாளாகக் கொண்டாடப்படும். பத்து நாள் கழித்து, நவெம்பர் 11, முதலாம் உலகப்போரின் முடிவை நினைந்து கடற்கரையிலுள்ள போர்நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பர். அந்நியர் போரில் மாண்ட தமிழருக்கு அந்நாட்டின் கீதம் இசைக்கப்படுவதை ஓரமாக நின்று பார்த்தல் ஒரு தனி அனுபவம்.

பிரெஞ்சுக்காரருக்குரிய பிற ஊர்களிலும் இப்பருவத்தில் விழாக்கள் உண்டு. மலையாளக் கரையிலுள்ள மாகியில் அவிலாத் திரேசம்மாள் ஆலயத் திருவிழா ஒக்டோபரிற் பல நாள் நிகழும். சமய வேற்றுமையின்றி மக்கள் திரள்வர். வங்காளத்துச் சந்திரநாகூரிலே கார்த்திகை வளர்பிறையில் ஜகத்தாத்திரி பூசையும் விளக்கலங்காரமும் நடைபெறும். யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோருக்கு இவை தூரமே. புதுச்சேரியிலோ, வெள்ளையர் நகரத்தின் உள்ளேயே இருக்கும் மணக்குள விநாயகர் கோயிலிற் சதுர்த்தியும், தொடர்ந்து நவராத்திரியும், கந்தசட்டியும் வரும். வில்லியனூர்த் தேரில் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்த வழக்கம் கூதிருக்குரியதன்று, வேனிலுக்குரியது. ஆயினும் 1748ஐ நினைவில் வைத்திருப்போர் இதனையும் ஒருங்கு நினைவில் வைப்பது நியாயமாகும். கோயிலை இடித்த ஆட்சியே பின்னொரு காலத்திற் கோயிற் கயிற்றைப் பிடித்தது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு மரபுகளிற் சைவருக்குத் தலையாயது கட்டடமன்று, ஏடு. 1955இல் ழான் பிலியோசா என்னும் பேரறிஞரின் தலைமையில் எழுந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறுவருடமே தமிழகக் கோயில்களிலும் குருக்கள்மார் இல்லங்களிலும் செல்லரித்துக் கிடந்த ஆகமச் சுவடிகளைத் தேடித் திரட்டத் தொடங்கியது. என். ஆர். பட் என்னும் வடமொழி வல்லுநர் அப்பணியின் உயிராயிருந்தார். அவர் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதற் பகுதி 1961இல் வெளிவந்தது. புதுச்சேரியிற் பிரெஞ்சு நிறுவனங்கள் பேணும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் 1968இல் வெளியிட்டதும், தி. வே. கோபாலையர் தேவாரத்தைப் பண்முறையில் 1984 முதல் பதிப்பித்ததும் இந்நிறுவனத்தின் வழியே. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கும்பாபிடேகமும் மகோற்சவமும் எவ்வாகமங்களின் வழி நிகழ்கின்றனவோ, அவ்வாகமங்களின் பாடபேதங்களை நோக்கவேண்டின் அச்செந்நிறக் கடற்கரை நகருக்கே செல்லவேண்டியுள்ளது. 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தபோது அழிந்த சுவடிகளை எண்ணுவோருக்கு அவ்வேட்டறையின் அமைதி மகிழ்ச்சியோடு வேறொன்றையும் தரும்.

தமிழரின் பிரெஞ்சுத் தொடர்பு எதிர்த்திசையிலும் வளர்ந்துள்ளது. 1980களில் இலங்கையை விட்டு நீங்கியோரிற் பலர் பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியிற் கடையும் தொழிலும் அமைத்தனர். 1985இல் அங்கே மாணிக்க விநாயகர் ஆலயம் எழுந்தது. ஓகஸ்ட் இறுதியிலோ செப்டெம்பர்த் தொடக்கத்திலோ, தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் தேர் வீதிவலம் வரும் அதே ஆவணியை ஒட்டி, விநாயகரின் தேர் பாரிஸ் தெருக்களில் ஓடும். தார்வீதியிற் குவித்த தேங்காய்களை உடைப்பதைப் பிரெஞ்சுக்காரர் குழந்தைகளைத் தோளில் ஏற்றிநின்று பார்ப்பர். அதன்பின் சில கிழமைகளில், செப்டெம்பரின் மூன்றாம் வார இறுதியில், பிரான்சு முழுவதும் மரபுநாள் வரும். 1984 முதல் அந்நாட்களில் வழமையாகப் பூட்டியிருக்கும் அரண்மனைகளும் அரச மாளிகைகளும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. பாரிசில் உறவினருள்ள தெல்லிப்பழையார் இவ்விரண்டையும் ஒரே பயணத்திற் காணலாம். 2022இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட பகெத் என்னும் நீண்ட ரொட்டிக்குப் பாரிஸ் நகரசபை ஆண்டுதோறும் வழங்கும் முதற்பரிசை 2023இற் பெற்றவர் ஓர் இலங்கைத் தமிழர் என்பதும், அப்பரிசின்படி ஓராண்டு சனாதிபதி மாளிகைக்கு அவர் ரொட்டியே சென்றதும் ஈண்டுக் குறிக்கத்தக்கன. பொன்னுத்தம்பியாருக்கு நேர்ந்ததுபோல் அவருக்குப் பெயர் மாற்றவேண்டிய நிலை நேரவில்லை.

எதிர்க்கரைப் பயணத்துக்கு ஒரு கிழமை போதும். காரைக்காலுக்கு ஒரு நாள். புதுச்சேரிக்கு நான்கு நாள். அதில் ஒரு முழுநாளைச் சுவடி நிறுவனத்துக்கும் ரங்கப்பிள்ளை வீட்டுக்கும் ஒதுக்குதல் நன்று. நவராத்திரி புரட்டாதியில் வரும் ஆண்டாயின் மழை கடுக்குமுன் திரும்பிவிடலாம். சுவடி பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே கடிதமெழுதி அனுமதி பெறவேண்டும். திரும்பும் வழியில் திருநள்ளாற்றிற் சனிக்கிழமை கூட்டம் மிகும். வேறு நாளில் வழிபட்டு, அன்று மாலையே அண்மையிலுள்ள தருமபுரத்துக்குச் சென்று யாழ்முரிநாதரைத் தரிசித்து, இரவு காரைக்காலிற் தங்கினால், மறுநாட் காலை கப்பலுக்கு நாகபட்டினம் சேர அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும்.